மூக்கை அழகுபடுத்தும் ஆபரேஷனுக்குப் போகும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வியின் சுருக்கம்: மூக்குத் தண்டில் உள்ள மேட்டைக் குறைத்து நுனியைக் கொஞ்சம் தூக்க வேண்டும். ‘சின்ன ஆபரேஷன்தான், ஒரு வாரத்தில் சரியாகிவிடும்’ என்கிறார்கள். நம்பலாமா? வேறு என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

ஒரு வாரத்தில் கழல்வது வெளிக்கட்டு மட்டும்தான். மூக்கு தன் இறுதி வடிவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். தோல் தடித்தவர்களுக்கு ஒன்றரை, இரண்டு வருடம்கூடப் பிடிக்கும். சின்ன ஆபரேஷன் என்பதும் சரியில்லை. பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்து, ஒன்றரை மணி முதல் மூன்று மணி நேரம் வரை, மில்லிமீட்டர் கணக்கில் செய்கிற வேலை இது. அழகு சிகிச்சைகளில் முடிவை முன்கூட்டிச் சொல்ல மிகக் கடினமானவற்றில் ரைனோபிளாஸ்டி எனப்படும் இந்த மூக்கு ஆபரேஷனும் ஒன்று என்பதை அதைச் செய்கிற டாக்டர்களே ஒத்துக்கொள்வார்கள்.

டாக்டரிடம் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது ‘எவ்வளவு எடுப்பீர்கள்?’ என்று. அதைவிட முக்கியமான கேள்வி, ‘எதை விட்டுவைப்பீர்கள், எடுத்த இடத்துக்கு என்ன தாங்கல் கொடுப்பீர்கள்?’ என்பது. பல வருடம் கழித்து மூக்கு ஒடுங்கிப்போனது, மூச்சு அடைக்கிறது என்று திரும்பி வருகிறவர்களில் பலரின் பிரச்சினை அளவுக்கு மீறி எடுத்ததுதான்.

மூக்கின் மேல் மூன்றில் ஒரு பங்குதான் எலும்பு. நடுப்பங்கில் இடமும் வலமுமாக இரண்டு குருத்தெலும்புத் தகடுகள், நடுச்சுவரான செப்டத்தின் மேல்விளிம்போடு இணைந்திருக்கும். நுனிக்கு வடிவம் தருவது வளைந்த இன்னொரு ஜோடிக் குருத்தெலும்பு. நீங்கள் குறைக்க நினைக்கும் மேடு முழுக்க எலும்பு இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அதில் கணிசமான பகுதி குருத்தெலும்புதான்.

அந்த மேட்டைச் சீவினால் இரண்டு விஷயம் நடக்கிறது. மேலே எலும்பின் உச்சி போய், தண்டு தட்டையாக, அகலமாகத் தெரியும். அதை மூட இரு பக்க எலும்பையும் அடியில் வெட்டி உள்பக்கம் நகர்த்துவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணைச் சுற்றிக் கருநீலமாகக் கன்றிப்போவது முக்கியமாக இந்த வெட்டால்தான். உளியால் வெட்டுவதும் உண்டு, அல்ட்ராசவுண்ட் அதிர்வில் இயங்கும் கருவியால் வெட்டுவதும் உண்டு. இரண்டாவதில் கன்றல் பொதுவாகக் குறைவு. அதற்காக ‘கருவி புதிது’ என்பதை வைத்து மட்டும் டாக்டரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கீழே நடப்பதுதான் பெரிய விஷயம். மேட்டோடு சேர்த்து, நடுப்பகுதித் தகடுகள் செப்டத்தோடு சேரும் இடமும் போய்விடுகிறது. பிடிப்பு இழந்த தகடுகள் மெல்ல உள்ளே சரியும். அந்தத் தகடும் செப்டமும் சேரும் கோணம் சாதாரண மூக்கிலேயே 10 முதல் 15 டிகிரிதான். மூச்சுப்பாதையிலேயே குறுகலான இடம் அது. அது இன்னும் ஒடுங்கினால் மூச்சை இழுக்கும்போது அடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எலும்பு முடியும் இடத்தில் கூரைமுகடு போல இரு பக்கமும் சரியும் ஒரு நிழல் விழும். முதல் சில மாதம் வீக்கம் இதை மறைத்துவிடும், பிறகுதான் தெரியவரும்.

இதைத் தடுக்க, செப்டத்திலிருந்து எடுத்த மெல்லிய குருத்தெலும்புக் கீற்றுகளைத் தகட்டுக்கும் செப்டத்துக்கும் நடுவில் இரு பக்கமும் வைத்துத் தைப்பார்கள். ஸ்ப்ரெடர் கிராஃப்ட் என்று பெயர். தகட்டின் மிச்ச விளிம்பையே உள்ளே மடித்துத் தைப்பதும் உண்டு. மேட்டைச் சீவாமல், அடியிலிருந்து ஒரு பட்டையை எடுத்துத் தண்டு முழுவதையும் கீழே இறக்கும் முறையும் இப்போது பலர் செய்கிறார்கள். எல்லா மூக்குக்கும் அது பொருந்தாது. எந்த முறையாக இருந்தாலும், ‘மேட்டை எடுத்த பிறகு நடுப்பகுதியை எப்படி நிறுத்துவீர்கள்?’ என்று கேளுங்கள். தெளிவான பதில் வராத இடத்தில் அவசரப்பட வேண்டாம்.

கிராஃப்டுக்கான குருத்தெலும்பு எங்கிருந்து வருகிறது என்பதும் கேட்க வேண்டியதுதான். முதல் தேர்வு செப்டம். அதிலும் மேல்விளிம்பிலும் முன்விளிம்பிலும் தலா 10 மில்லிமீட்டராவது விட்டுவைக்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. மூக்கு நிற்பதே அந்த மிச்சத்தின் மேல்தான். அதை மீறினால் தண்டு நடுவில் குழிந்து சேணம் போல ஆகிவிடும். செப்டம் போதாதபோது காதுமடலிலிருந்து எடுப்பார்கள். அது இயல்பிலேயே வளைவானது, மென்மையானது. நுனிக்குச் சரி, நேரான தாங்கலுக்கு அவ்வளவு ஏற்றதல்ல. அடுத்தது விலா எலும்பின் குருத்து. தேவையான அளவு கிடைக்கும், உறுதியாகவும் இருக்கும். ஆனால் நாளடைவில் வளையக்கூடும், மார்பில் ஒரு தழும்பு இருக்கும், அபூர்வமாக நுரையீரல் உறை கிழியும் ஆபத்தும் உண்டு. வயதானவர்களுக்கு அது சுண்ணம் ஏறி எலும்பாகியிருக்கலாம். தண்டை உயர்த்த சிலிகான் வைப்பது வேலையைச் சுலபமாக்கும். என்றாலும் உடலுக்கு அது அந்நியப் பொருள். பல வருடம் கழித்துக்கூடத் தொற்று வரலாம், இடம் நகரலாம், தோலைத் துளைத்து வெளியே வரலாம்.

அடுத்தது தோல். இதை யாராலும் மாற்ற முடியாது, ஆனால் முடிவில் பாதியை அதுதான் தீர்மானிக்கிறது. கனமான கம்பளியைப் போர்த்தினால் உள்ளே இருப்பதன் விளிம்பு தெரியாது இல்லையா, அதுபோலத் தடித்த, எண்ணெய் வழியும் தோலுக்குள் நுனியை எவ்வளவு கூர்மையாகச் செதுக்கினாலும் வெளியே முழுதாகத் தெரியாது. அளவுக்கு மீறிச் சிறிதாக்கினால் தோல் சுருங்கி உட்காராது; இடையில் தழும்புத் திசு நிரம்பி, நுனிக்கு மேலே கிளிமூக்கு போலப் புடைத்துக்கொள்ளும். மெல்லிய தோலுக்கு எதிர்ப் பிரச்சினை: உள்ளே ஒரு மில்லிமீட்டர் மேடு பள்ளம் இருந்தாலும் வெளியே காட்டிக்கொடுத்துவிடும். யாரோ ஒருவருடைய மூக்குப் படத்தை எடுத்துக்கொண்டு போகிறவர்கள், அவர் தோலும் தங்கள் தோலும் ஒன்றா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

ஓபனா, க்ளோஸ்டா என்ற விவாதத்துக்கு இணையத்தில் கொடுக்கும் முக்கியத்துவம் அதிகம். ஓபன் முறையில் இரண்டு துவாரங்களுக்கும் நடுவிலுள்ள தூணில் ஒரு சிறு வெட்டு கூடுதலாக வரும். பெரும்பாலும் மங்கிய கோடாக ஆறிவிடும். நுனி வீக்கம் வற்ற நாளாகும். க்ளோஸ்ட் முறையில் எல்லா வெட்டும் உள்ளேயே. எது கைவந்ததோ அதைத்தான் ஒரு டாக்டர் நன்றாகச் செய்வார்.

முதல் ஆலோசனையிலேயே மூக்கின் உள்ளே பார்த்து மூச்சுப்பாதையைச் சோதிக்க வேண்டும், நேர், பக்கவாட்டு, சாய்வு, கீழ்க்கோணப் படங்கள் எடுக்க வேண்டும். உள்ளே பார்க்காமல் நாள் குறித்தால் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல டாக்டர் உங்கள் முகவாயையும் கவனிப்பார். முகவாய் உள்வாங்கியிருந்தால் சாதாரண மூக்கும் பெரிதாகத் தெரியும். கணினியில் காட்டும் படம் இருவரும் ஒரே விஷயத்தைப் பேசுகிறோமா என்று சரிபார்க்கத்தான், அது உத்தரவாதம் இல்லை. எல்லா முகமும் கொஞ்சம் கோணல்தான், அதைப் படத்திலேயே காட்டிச் சொல்லிவிடுகிற டாக்டரை நம்பலாம். பிறர் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறையை நாளெல்லாம் கண்ணாடியில் தேடுகிறீர்கள், அதனால் வெளியே போவதையே தவிர்க்கிறீர்கள் என்றால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையில் மூக்கு நன்றாக அமைந்தாலும் நிம்மதி கிடைப்பதில்லை. வயது விஷயத்தில், மூக்கு வளர்ந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும்: பெண்களுக்குப் பொதுவாக 15, 16, ஆண்களுக்கு 17, 18.

முன்பு மூக்கில் அடிபட்டது, செப்டம் ஆபரேஷன், ஃபில்லர் ஊசி (தோலுக்கு அடியில் நிரப்பி வடிவம் மாற்றும் மருந்து), முகப்பருவுக்கு ஐசோட்ரெடினோயின், மாதக்கணக்காக அடைப்பு நீக்கும் ஸ்பிரே, கொக்கேன் பழக்கம், எதையும் மறைக்காதீர்கள். கொக்கேன் செப்டத்தில் ஓட்டையே போட்டுவிடும். திறந்த பிறகு டாக்டர் அதைக் கண்டுபிடிப்பது உங்களுக்குத்தான் நஷ்டம். சிகரெட்டை முன்னும் பின்னும் தலா நான்கு வாரமாவது நிறுத்த வேண்டும். வேப், நிகோட்டின் சூயிங்கம் எல்லாம் அதே கணக்குதான், ஏனென்றால் நிகோட்டின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கி நுனித் தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், மீன் எண்ணெய், விட்டமின் ஈ, ஜிங்கோ போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. ஒன்று இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் தாங்களாக நிறுத்தவே கூடாது, இதய மருத்துவரைக் கேட்க வேண்டும்.

முதல் இரவு பஞ்சில் ரத்தம் கசிவது சாதாரணம். ஆபரேஷனின்போது விழுங்கிய ரத்தம் வயிற்றைப் புரட்டும், வாந்தியில் பழைய ரத்தம் வரலாம், அடுத்த நாள் மலம் கறுப்பாகப் போகலாம். வலி பலர் பயப்படும் அளவு இருக்காது. வாயால் மூச்சுவிட்டு உதடும் தொண்டையும் காய்ந்துபோவதுதான் அதிகத் தொல்லை. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும், கன்றல் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் மறையும். தலையை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி மல்லாந்து படுங்கள். ஐஸ் ஒத்தடம் கண்ணுக்கும் கன்னத்துக்கும்தான், மூக்கின் மேல் எதையும் வைக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். உள்ளே பொருக்குக் கட்டாமல் இருக்க சலைன் ஸ்பிரே ஒரு நாளில் பலமுறை. பொருக்கை விரலால் எடுத்தால் தையல் பிரியும்.

ஒன்றை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாளில் வலி குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போய், இரு பக்கமும் ஒரேயடியாக அடைத்து, உள்ளே நடுச்சுவர் மெத்தென்று சிவந்து புடைத்திருந்தால், செப்டத்தின் உறைக்கு அடியில் ரத்தம் தேங்கியிருக்கலாம். குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக்குழாய் இல்லை, அந்த உறையிலிருந்துதான் ஊட்டம் பெறுகிறது. உறை விலகி ஓரிரு நாள் போனாலே குருத்து அழுக ஆரம்பித்துவிடும், அதன்பின் தண்டு குழிவதைத் தடுக்க முடியாது. ‘காலையில் பார்க்கலாம்’ என்று படுக்காமல் அன்றிரவே போய்க் கீறி வெளியேற்ற வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், காய்ச்சலோடு தோல் சிவப்பு, ஒரு பக்கத்தில் தண்ணீர் போலத் தெளிவாக ஒழுகுவது, பார்வை மாற்றம் ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது.

வெளிக்கட்டும் தையலும் ஏறக்குறைய ஏழாம் நாள் எடுப்பார்கள். அன்று கண்ணாடியில் தெரிவது உங்கள் மூக்கு இல்லை. நுனி அளவுக்கு மீறித் தூக்கியிருக்கும், தண்டு அகலமாக இருக்கும், மேலுதடு மரத்துப்போய்ச் சிரிப்பு விறைப்பாக வரும், முன்பற்களும் மரத்திருக்கலாம். இதில் பெரும்பாலானவை வாரங்களில் சரியாகும், நுனியின் மரத்த உணர்வு சில மாதம் இருக்கும். ஒரு பக்கம் பெரிதாகத் தெரிந்தால் உடனே கோணல் என்று முடிவு கட்டாதீர்கள், வீக்கம் இரு பக்கமும் ஒரே சீராக வற்றுவதில்லை. நடை முதல் நாளிலிருந்தே நல்லது. ஓட்டமும் எடை தூக்குவதும் மூன்று, நான்கு வாரம் கழித்து. மூக்கின் மேல் அமரும் கண்ணாடி நான்கு முதல் ஆறு வாரம் வேண்டாம். லென்ஸ் போடலாம், அல்லது நெற்றியில் டேப் ஒட்டித் தொங்கவிடலாம். நுனிக்கு மேல் வீக்கம் பிடிவாதமாக நின்றால் ஸ்டீராய்டு ஊசி சிறு அளவில் போடுவார்கள். அதைச் சீக்கிரம், அடிக்கடி போடச் சொல்லி டாக்டரை நச்சரிக்காதீர்கள், தோல் மெலிந்து குழி விழும்.

ஆபரேஷனுக்குப் பதிலாக ஃபில்லர் போதாதா என்றும் பலர் கேட்கிறார்கள். ஃபில்லரால் மேட்டைக் குறைக்க முடியாது. மேலும் கீழும் நிரப்பி மறைக்கத்தான் முடியும், மூக்கு கொஞ்சம் பெரிதாகத்தான் ஆகும். மூக்கின் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்புடையவை. மருந்து தவறிக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், பார்வையே போகலாம். அபூர்வம்தான், ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. ஹயலூரானிக் அமில வகை ஃபில்லரைக் கரைக்கும் ஹயலூரானிடேஸ் மருந்தைக் கையோடு வைத்திருக்காத இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளவே வேண்டாம்.

திருப்தியில்லாமல் மறுபடி செய்துகொள்கிறவர்கள் பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 15 பேர் என்று சொல்லப்படுகிறது. இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம்: குருத்து மிச்சமிருக்காது, தழும்புத் திசு எங்கும் ஒட்டியிருக்கும். வீக்கம் முழுதாக வற்றும்வரை, குறைந்தது ஒரு வருடம் கழித்துத்தான் தொட வேண்டும். அப்படி ஒன்று தேவைப்பட்டால் செலவு யாருடையது என்பதை முதல் ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘திருத்தம் இலவசம்’ என்று சொன்னாலும் அது டாக்டரின் கட்டணம் மட்டுமாக இருக்கலாம். மயக்க மருத்துவருக்கும் தியேட்டருக்கும் தனியாகக் கட்டச் சொல்வார்கள்.