கல்லைப் போட்டால் தண்ணி ஏறுமா?

கேள்வி: கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். ஸ்லைடு போட்டேன், போனில் குவிஸ் வைத்தேன். பாதிப் பேரிடம் டேட்டா இல்லை. மீதிப் பேர் வாட்ஸ்அப்புக்குப் போய்விடுகிறார்கள். 'முதல்ல போர்ஷனை முடிங்க' என்கிறார் துறைத்தலைவர். பழையபடி நோட்ஸே கொடுத்துவிடவா, சார்?
— கௌரவ விரிவுரையாளர், மண்டபம் பக்கம்

பதில்: வேண்டாம்மா. முப்பது வருஷம் நோட்ஸ் கொடுத்தவன் சொல்கிறேன்.

ரிட்டயராகும் முன் ஒருநாள், ஆர்க்கிமிடீஸை போர்டில் எழுதாமல் கேள்வியாகக் கேட்டேன். "தொட்டியில வள்ளம் மிதக்குது. உள்ள நங்கூரக் கல். அதைத் தூக்கித் தொட்டிக்குள்ளேயே போட்டா தண்ணி ஏறுமா, இறங்குமா, அப்படியே நிக்குமா?"

பிள்ளைகள் கையில் ப்ளிக்கர்ஸ் அட்டை. ஆளுக்கொரு கோலம் அச்சடித்த காகிதம். எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுதான் விடை. ப்ளிக்கர்ஸ் ஆப் போட்ட உங்கள் போன் ஒன்றே போதும், கேமராவை வகுப்பில் ஒரு சுற்றுச் சுற்றினால் கணக்கு வந்துவிடும். பக்கத்து அட்டையைப் பார்த்துக் காப்பியடிக்கவும் முடியாது.

பெரும்பாலோர் 'ஏறும்'. நான் விடை சொல்லவில்லை. "பக்கத்துல இருக்கவன்கிட்ட மல்லுக்கட்டுங்க" என்றேன். ஏலக்கூடம் தோற்றது! வருஷம் முழுக்க வாய் திறக்காத பாம்பன் தென்கடல் பையன் கேட்டான்: "கல்லு ஏத்துனா வள்ளம் எம்புட்டு தாழுது? அந்தக் கல்லு தண்ணிக்குள்ள அம்புட்டு இடமா அடைக்கும்?" மறுபடி அட்டையைத் தூக்கினால் பாதி வகுப்பு 'இறங்கும்' பக்கம். பிறகு வாளி, ஐஸ்கிரீம் டப்பா, எடைக்கல். கோடு போட்ட இடத்திலிருந்து தண்ணீர் இறங்கியது. வள்ளத்தோடு மிதக்கும்போது கல் தன் எடைக்கு எடை தண்ணீரை ஒதுக்குகிறது. மூழ்கினால் தன் பருமனுக்கு மட்டும்தான்.

இந்த முறை ஹார்வர்டில் இயற்பியல் எடுக்கும் எரிக் மசூர் 1991-இல் தொடங்கியது. 30 சதவீதத்துக்கும் கீழே சரியென்றால் பேசவிடாதீர்கள், குருடனுக்குக் குருடன் வழிகாட்டுவான், மறுபடி விளக்குங்கள். 70-ஐத் தாண்டினால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

துறைத்தலைவரிடம் 2014-இல் வந்த அமெரிக்க ஆய்வைக் காட்டுங்கள். அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இப்படிப் பங்கெடுத்துப் படித்தவர்களைவிட வெறும் விரிவுரை கேட்டவர்கள் ஃபெயிலாகும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு. போர்ஷனுக்கும் வழி உண்டு. நீண்ட டெரிவேஷன்களை என்பிடெல் (ஐஐடிகளின் இலவச ஆன்லைன் பாடங்கள்) வீடியோவில் பார்க்கச் சொல்லுங்கள். டேட்டா இல்லாதவர்களுக்கு டவுன்லோடு செய்து பென்டிரைவில் கொடுங்கள். மணிக்கு இரண்டு கேள்வி போதும், அதற்கு மேல் அவர்களுக்கும் அலுக்கும்.

அட்டையை மட்டும் லேமினேட் செய்துவிடாதீர்கள். ட்யூப்லைட் பளபளப்பில் கேமரா படிக்காது. எனக்கு நாற்பது அட்டை வீணாய்ப் போனது.