கடல் படிப்புக்குச் சம்பளம் யார் போடுவார், ஆச்சி?

ஆச்சி, வணக்கம்.

போன சனிக்கிழமை மகளோடு வந்தபோது கேட்டீர்கள்: "உலகம் பூராவும் சேர்ந்து கடல் உயிர்களை ஆராயுறாங்கங்கிறா. சரி, அது எந்தக் கம்பெனி? சம்பளம் யார் போடுவா?" அன்றைக்குக் கூட்டம், உட்கார்ந்து பேச முடியவில்லை.

அப்படி ஒரு கம்பெனியே கிடையாது. உங்கள் ஐயா பினாங்கில் இருந்த கிட்டங்கியை, பல செட்டியார்கள் சேர்ந்து தங்கித் தனித்தனியே தொழில் செய்த வீட்டைப் பற்றிச் சொன்னீர்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கூரை, ஒரே அடுப்பு. ஆனால் பெட்டியும் பேரேடும் அவரவருடையது. முதலும் அவரவர் கொண்டுவந்தது. இந்த ஆராய்ச்சியும் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது.

2000 முதல் 2010 வரை உலக அளவில் கடல் உயிர்க் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. 80க்கும் மேற்பட்ட நாடுகள், சுமார் 2,700 விஞ்ஞானிகள், 540 கடல் பயணங்கள். செலவு சுமார் 65 கோடி டாலர். தொடங்கிவைத்த அமெரிக்காவின் ஸ்லோன் அறக்கட்டளை போட்டது அதில் ஏழரைக் கோடிதான். அதுவும் பெரும்பாலும் ஆட்களை ஒன்றுசேர்க்கவும் கூட்டம் நடத்தவும். கப்பல், ஆய்வுக்கூடம், சம்பளம் எல்லாம் பெரும்பாலும் அந்தந்த நாட்டுப் பணம். 1957இல் தொடங்கிய 'ஸ்கோர்' என்ற சர்வதேசக் கடலாய்வுக் குழுவும் பல நாட்டு நிபுணர்களைச் சேர்த்துச் சிறு பணிக்குழு அமைக்கும். அவர்கள் கூடிப் பேச வழிச்செலவு தரும். அதோடு சரி.

பொதுவாக இருப்பது பேரேடுதான். எந்த உயிர், எந்த இடத்தில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று பதியும் 'ஓபிஸ்' அந்தக் கணக்கெடுப்பில் பிறந்தது. இப்போது யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்திடம் இருக்கிறது. அலுவலகம் பெல்ஜியத்தின் ஒஸ்டெண்ட் நகரில். நம் நாட்டுப் பதிவுகளைக் கொச்சியில் உள்ள கடல் வாழ்வள மையம் சேர்க்கிறது. ஒரே புழுவுக்கு நாலு பேர் நாலு பெயர் வைத்திருப்பார்கள். எது செல்லும் என்று தீர்க்க 'வோர்ம்ஸ்' என்று இன்னொரு ஏடு. அதைத் திருத்துகிறவர்களில் பெரும்பாலோர் கூலி வாங்காத நிபுணர்கள். நம் ஊரில் வட்டி விடுகிற யாரும் நம்ப மாட்டார்கள்!

ஆகவே மகளுக்குச் சம்பளம் வந்தால் நம் நாட்டுப் பணத்திலிருந்துதான் வரும். பி.எஸ்சி. மூன்று வருடம், எம்.எஸ்சி. இரண்டு. அப்புறம் 'நெட்' என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்.டி. முடிக்க இன்னும் நாலைந்து வருடம். நடுவில் கிடைக்கும் திட்டப் பணிகள் ஒப்பந்த வேலைகள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இதை மறைத்து உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. சீக்கிரம் வேலை வேண்டுமென்றால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியின் பி.எஃப்.எஸ்சி. என்ற மீன்வளப் பட்டப்படிப்பையும் பாருங்கள்.

இப்போதே வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம் என்று முன்பணம் கேட்கும் ஏஜெண்டிடம் மட்டும் போகாதீர்கள். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தும் கடல்வள முதுகலைப் படிப்புக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் உதவித்தொகையோடு போக வழி இருக்கிறது. ஆனால் அது டிகிரிக்குப் பிறகு. விண்ணப்பத்தை அவளே போடலாம்.

அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். தேவகோட்டையில் பஸ் ஏறினால் திருவாடானை தாண்டித் தொண்டி. நம் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை அங்கேதான் இருக்கிறது. எதிரே பாக் விரிகுடா. அதில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுவுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். அவளை அந்தக் கரையில் ஒரு காலை நேரம் சேற்றில் நடக்க விடுங்கள். ஃபார்மலின் நெடியில் உட்கார்ந்து புழுவின் மயிரை எண்ணுகிற வேலை இது. டால்ஃபினோடு நீந்துகிற வேலை இல்லை. திரும்பி வரும்போதும் அதே ஆசை இருந்தால் என்னிடம் வாருங்கள், விண்ணப்பங்களைப் பார்க்கலாம். அவளுடைய பள்ளிக் கணக்குப் பாடப் புத்தகத்தை மட்டும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். புள்ளியியல் தெரியாமல் அந்தப் பேரேட்டை வாசிக்க முடியாது.