உபுண்டு நிறுவல் ஊர்கிறதா? மூலையில் ஆமை இருக்கிறதா என்று பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் தங்கிக் கணினிக் கற்கைநெறி படிக்கிறேன். இன்டெல் ஐ5, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 11 உள்ள லப்டொப். விண்டோஸுக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வேர்ச்சுவல்பொக்ஸ் 7இல் உபுண்டு 24.04 (லினக்ஸ்) நிறுவப் பார்த்தேன். முதலில் ‘நோ பூட்டபிள் மீடியம்’ என்றது. வேறு ஐஎஸ்ஓ (நிறுவல்) கோப்பு போட்டதும் தொடங்கியது, ஆனால் மணிக்கணக்காக ஊர்ந்து கறுப்புத் திரையில் நின்றுவிட்டது. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் அதேதான். ரேம் கூட்ட வேண்டுமா?

பதில்: ரேம் வாங்க பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கு இப்போதே ஓட வேண்டாம். உங்களுக்கு வந்திருப்பவை இரண்டு வேறு கோளாறுகள்.

முதலாவது ஐஎஸ்ஓ சம்பந்தப்பட்டது. உபுண்டு டெஸ்க்டொப் கோப்பு 6 ஜிபிக்குக் கிட்ட வரும். இரவு நேர டேட்டாவில் இறக்கும்போது லைன் அறுந்தால் கோப்பு பாதியில் நின்றிருக்கும், பெயர் மட்டும் முழுசாகத் தெரியும். செவன்-ஸிப் இருந்தால் கோப்பை ரைட் கிளிக் செய்து எஸ்எச்ஏ-256 எண்ணை (கோப்பு பழுதில்லையா என்று காட்டும் அடையாளம்) எடுத்து, உபுண்டு தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பு உதவாது. பெயரில் ‘ஏஎம்டி64’ என்றிருப்பதைப் பார்த்து, இன்டெல்லுக்கு ஆகாதென்று ‘ஆர்ம்64’ஐ இறக்கிவிடுகிறவர்களும் உண்டு. உங்களுக்கு வேண்டியது ஏஎம்டி64தான்.

இரண்டாவது, ஊர்வது. அதற்குக் காரணம் பெரும்பாலும் விண்டோஸேதான். வேர்ச்சுவல்பொக்ஸ் மெஷின் ஓடும்போது அதன் ஜன்னலின் கீழ் வலது மூலையில் பச்சை ஆமைப் படம் தெரிகிறதா? தெரிந்தால், மெய்நிகர் கணினியை வேகமாக ஓட்ட உதவும் ப்ரொசெஸரின் விடி-எக்ஸ் வசதியை, விண்டோஸின் சொந்த மெய்நிகர் கணினி மென்பொருளான ஹைப்பர்-வி தன் கையில் வைத்திருக்கிறது என்று அர்த்தம். வேர்ச்சுவல்பொக்ஸ் அதன் வழியாகச் சுற்றி ஓடவேண்டியிருப்பதால்தான் இந்த வேகம். மெஷினின் லொக் (பதிவு) கோப்பைத் திறந்தால் ‘ஸ்நெயில் எக்ஸிகியூஷன் மோட்’ என்றே ஒரு வரி இருக்கும். ஆமை போதாதென்று நத்தையும்!

முதலில் டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ், சிபியு பகுதிக்குப் போங்கள். ‘வேர்ச்சுவலைசேஷன்: எனேபிள்ட்’ என்றிருந்தால் பயோஸில் (விண்டோஸ் தொடங்குமுன் வரும் அமைப்புத் திரை) வேலை இல்லை. ‘டிஸேபிள்ட்’ என்றிருந்தால் பயோஸில் இன்டெல் வேர்ச்சுவலைசேஷன் டெக்னொலஜியை இயக்க வேண்டும். அதற்குள் போக, கணினி தொடங்கும்போது பல லப்டொப்களில் எஃப்2, எச்பியில் எஃப்10 அழுத்தவேண்டும். பயோஸைத் தொடுமுன் பிட்லொக்கர் (டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவியை எழுதிவையுங்கள். அமைப்பு மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும், அந்த நேரம் தேட முடியாது.

அடுத்து, ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஒன் ஓர் ஓஃப்’ பட்டியலில் ஹைப்பர்-வி, வேர்ச்சுவல் மெஷின் பிளட்ஃபோம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளட்ஃபோம் மூன்றின் சரியையும் எடுங்கள். ஹோம் பதிப்பில் ஹைப்பர்-வி பட்டியலில் இல்லாமலும் இருக்கலாம். பலர் இதோடு நிறுத்திவிட்டு, ஆமை போகவில்லையே என்கிறார்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் சென்று மெமரி இன்டெக்ரிட்டியையும் நிறுத்தவேண்டும். அது ஒரு பாதுகாப்பு வசதி, எனவே உபுண்டு வேலை முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுவது நல்லது. பட்டியலில் எடுத்த மூன்றும் நின்றிருக்கும்வரை, டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி), டொக்கர் இரண்டும் ஓடமாட்டா. பின்னர் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் செய்து போடுவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாகப் போதாமல் போகலாம்.

புது மெஷினுக்கு ரேம் 4096 எம்பி, சிபியு 2, டிஸ்க் 25 ஜிபி கொடுங்கள். அதற்கு மேல் ரேம் கொடுத்தால் விண்டோஸ் திணறி இரண்டுமே படுத்துவிடும். டிஸ்க் ‘டைனமிக்’ என்றாலும் சி டிரைவில் அவ்வளவு இடம் உண்மையிலேயே காலியாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நிறுவல் பாதியில் நிற்கும். தானியங்கி நிறுவலைத் தவிர்த்துவிடுங்கள். அதில் விட்டால் யூசர் பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் வேர்ச்சுவல்பொக்ஸ் தன்பாட்டில் நிரப்பிவிடும், பிறகு சூடோ (நிர்வாகி அனுமதி) கேட்கும் இடத்தில் மாட்டுவீர்கள்.

கறுப்புத் திரைக்கு: மெஷினின் டிஸ்பிளே அமைப்பில் கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ, வீடியோ மெமரி 128 எம்பி, 3டி முடுக்கம் ஓஃப்.

நிறுவி முடிந்ததும் ‘மீடியத்தை எடுத்துவிட்டு என்டர் அழுத்து’ என்று வரும். என்டர் அழுத்தினால் போதும். மறுபடி இன்ஸ்டோலரே திறந்தால், மெஷினை நிறுத்தி ஸ்டோரேஜில் ஐஎஸ்ஓவைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.