இந்திய மௌனப்பட நடிகைகளில் உங்களை மிகவும் கவர்ந்தவர் யார், ஏன்?

சுலோச்சனா. தயக்கமே இல்லாமல் அவர்தான். இந்திப் படங்களில் அம்மாவாக வந்த சுலோச்சனா லாட்கர் வேறு. நான் சொல்வது ரூபி மையர்ஸ் என்ற இயற்பெயர் கொண்டவரை. 1907இல் புனேயில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர்.

பம்பாயில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவரை, கோஹினூர் ஃபிலிம் கம்பெனியில் இருந்த மோகன் பவ்னானி நடிக்கக் கூப்பிட்டார். அவர் முதலில் மறுத்துவிட்டார். சினிமாவில் நடிப்பதைக் கௌரவக் குறைச்சலாகப் பார்த்த காலம் அது. பேஷன்ஸ் கூப்பர், சீதா தேவி என்ற பெயரில் நடித்த ரெனீ ஸ்மித் என்று அன்றைய கதாநாயகிகளில் பலர் ஆங்கிலோ இந்திய, யூதக் குடும்பங்களிலிருந்து வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பவ்னானி விடவில்லை. கடைசியில் சம்மதித்து வந்தவர், ஓரிரு வருடங்களிலேயே பெரிய நட்சத்திரமாகிவிட்டார்.

அவர் நடித்த படங்களின் பெயர்களைப் பாருங்கள்: 'டெலிபோன் கேர்ள்', 'டைப்பிஸ்ட் கேர்ள்' (இரண்டும் 1926), 'இந்திரா பி.ஏ.' (1929). புராணக் கதைகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், வேலைக்குப் போகிற பெண்ணையும் படித்த பெண்ணையும் திரையில் நிறுத்தியவை இவை. 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே' (1927) படத்தில் அவருக்கு எட்டு வேடங்கள். தோட்டக்காரன், போலீஸ்காரர், ஹைதராபாத் கனவான், வாழைப்பழம் விற்கும் கிழவி எல்லாம் அதில் அடக்கம். குரலை மாற்றிக் காட்ட வழியில்லாத ஊடகத்தில், நடையையும் முகத்தையும் மட்டும் வைத்து இதைச் செய்திருக்கிறார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்த இடம் இதுதான்.

1928இல் ஒரு போட்டி நடந்தது. முகலாய இளவரசன் சலீமுக்கும் அனார்கலிக்குமான காதல் கதையை வேறொரு கம்பெனி சீதா தேவியை வைத்து எடுத்துக்கொண்டிருந்தது. இம்பீரியல் கம்பெனி சுலோச்சனாவை வைத்து அதே கதையை மளமளவென்று எடுத்து முந்திக்கொண்டு வெளியிட்டது. ஜெயித்தது இம்பீரியல்தான்.

அப்புறம் படங்கள் பேச ஆரம்பித்தன. 1931இல் இதே இம்பீரியல் கம்பெனி முதல் இந்தியப் பேசும்படமான 'ஆலம் ஆரா'வை எடுத்தபோது கதாநாயகி வாய்ப்பு ஜுபைதாவுக்குப் போனது. சுலோச்சனாவுக்கு இந்துஸ்தானி சரளமாக வரவில்லை என்பதுதான் காரணம். அதே வருடம் இம்பீரியல் தயாரித்த தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்', நாடக மேடையில் பாடிப் பழகிய டி.பி. ராஜலட்சுமியை உச்சத்துக்குக் கொண்டுபோனது. ஒருவருக்குக் கதவைத் திறந்த ஒலி, இன்னொருவருக்கு அதையே சாத்தியது.

பெரும்பாலானவர்கள் அங்கேயே ஒதுங்கியிருப்பார்கள். இவர் உட்கார்ந்து மொழியைக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டு வந்து, தன் பழைய வெற்றிப் படங்களையே பேச வைத்தார். 'மாதுரி' 1932இல் பேசியது. 'இந்திரா பி.ஏ.' 1934இல் 'இந்திரா எம்.ஏ.' ஆனது. 1935இல் மறுபடியும் 'அனார்கலி'. அப்போது அவருடைய சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பம்பாய் கவர்னரின் சம்பளத்தைவிட அதிகம் என்று ஊரே பேசிக்கொண்டது. டி. பில்லிமோரியாவோடு அவர் சேர்ந்து நடித்த படங்களுக்குப் பெரிய வரவேற்பு இருந்தது. 'ரூபி பிக்ஸ்' என்று சொந்தமாகக் கம்பெனியும் தொடங்கினார்.

அந்த உச்சம் நீடிக்கவில்லை. புதிய முகங்கள் வந்தன, அவருக்குச் சின்ன வேடங்கள் மிஞ்சின. அதற்காக அவர் நடிப்பதை விட்டுவிடவில்லை. 1953இல் பீனா ராய் நடித்த 'அனார்கலி'யில் சலீமின் தாய் ஜோதா பாயாக வந்தார். ஒரே கதை, மூன்று படங்கள், இருபத்தைந்து வருடம். முதல் இரண்டிலும் அவரே அனார்கலி. இதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

1973ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தது. 1983இல் மும்பையில் காலமானார்.

எனக்குத் தாங்க முடியாத வருத்தம் ஒன்று உண்டு. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மௌனப்படங்களில் இன்று மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. எளிதில் தீப்பிடிக்கும், நாளானால் உதிர்ந்துபோகும் நைட்ரேட் ஃபிலிமில் எடுத்தவை அவை. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அவர் பிறந்த அதே புனேயில் தொடங்கப்பட்டது 1964இல்தான். அதற்குள் பெரும்பாலானவை அழிந்துபோயிருந்தன. அவரைத் திரையில் பார்க்க விரும்பினால் 1953 'அனார்கலி'யிலிருந்து தொடங்குங்கள். 'ஜூலி' (1975) படத்திலும் வயதானவராக வருகிறார்.