கறுப்பு-வெள்ளை சூப்பர்ஹீரோ தொகுப்புகள்: படிக்க வாங்குங்கள், "அபூர்வம்" என்ற சொல்லுக்காக வாங்காதீர்கள்

கேள்வி: 1960களின் ஸ்பைடர்மேன் கதைகளை முதல் இதழிலிருந்து படிக்க ஆசை. வண்ணத் தொகுப்புகளின் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. மார்வெல் பதிப்பகத்தின் எசென்ஷியல் என்ற கறுப்பு-வெள்ளை மறுபதிப்பு வரிசையின் முதல் தொகுதி பழைய பிரதியாக ஒருவரிடம் இருக்கிறது. "அச்சில் இல்லை, முதல் பதிப்பு, அபூர்வம்" என்று சொல்லி அட்டை விலையைப்போல மூன்று மடங்கு கேட்கிறார். வாங்கலாமா? வண்ணம் இல்லாமல் படித்தால் பாதி கதையை இழந்துவிடுவேனா?

பதில்: கறுப்பு-வெள்ளையில் தாராளமாகப் படியுங்கள். அந்த விலைக்கு மட்டும் வாங்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வண்ணம் பற்றிய பயம். அந்தக் கால அமெரிக்கக் காமிக்ஸ் பக்கம் ஒவ்வொன்றும் கறுப்பு-வெள்ளையாகத்தான் வரையப்பட்டது. ஒருவர் பென்சிலில் வரைவார், இன்னொருவர் அதன்மேல் மை போடுவார், எழுத்தாளர் தந்த வசனத்தை எழுத்துக்காரர் பக்கத்தில் கையால் எழுதுவார். வண்ணம் கடைசியாக, அச்சுக்கான தகடு தயாரிக்கும் கட்டத்தில் சேர்ந்தது. மலிவான நியூஸ்பிரிண்ட் தாளில் புள்ளி புள்ளியாக விழுந்த அந்த வண்ணம் பல இடங்களில் கோட்டுக்கு வெளியே வழிந்து, நுணுக்கமான மை வேலையை மூடிவிட்டது. 1967 வாக்கில் வரைதாளின் அளவைக் குறைக்கும் வரை, ஓவியர்கள் அச்சிடும் அளவைப்போல நீளத்திலும் அகலத்திலும் இரு மடங்கு பெரிய தாளில் வரைந்தார்கள். அந்த உழைப்பு கறுப்பு-வெள்ளையில்தான் தெளிவாகக் கண்ணில் படும். உங்கள் ஸ்பைடர்மேனை வரைந்த ஸ்டீவ் டிட்கோவின் மெலிந்த விரல்கள், சிலந்தி வலைக் கோடுகள், இருட்டு மூலைகள் எல்லாமே மையால் ஆனவை. மார்வெலின் இன்னொரு தொடரான ஃபன்டாஸ்டிக் ஃபோரில் 44ஆம் இதழிலிருந்து ஓவியர் ஜாக் கிர்பியின் பென்சிலுக்கு ஜோ சின்னாட் தொடர்ந்து மை போட்டார். அந்தக் காலத்துக் கதைகள் உள்ள எசென்ஷியல் மூன்றாம் தொகுதியைப் பார்த்தால், உலோகத்தின் பளபளப்பை வண்ணமே இல்லாமல் எப்படிக் கொண்டுவந்தார் என்பது புரியும். மார்வெலின் போட்டிப் பதிப்பகமான டிசி பக்கம் ஜோ க்யூபர்ட் வரைந்த போர்க் கதைகளும் அப்படியே.

கதையே வண்ணத்தை நம்பி நடக்கும் இடங்கள் கொஞ்சம் உண்டு. கிரீன் லான்டர்ன் என்ற ஹீரோவின் சக்தி மோதிரம் மஞ்சள் நிறப் பொருள்மேல் வேலை செய்யாது. சூப்பர்மேன் கதைகளில் அவரைப் பாதிக்கும் கிரிப்டோனைட் என்ற கல் பச்சையானால் ஒரு மாதிரி, சிவப்பானால் வேறு மாதிரி. நல்ல காலம், அன்றைய எழுத்தாளர்கள் எல்லாவற்றையும் வசனத்தில் சொல்லிவிடுவார்கள். "ஐயோ, அது மஞ்சள்!" என்று ஹீரோவே கத்துவார். நீங்கள் எதையும் தவறவிட மாட்டீர்கள். 1962-ல் ஹல்க் முதல் இதழில் சாம்பல் நிறமாகவும் இரண்டாம் இதழிலிருந்து பச்சையாகவும் மாறிய விஷயம் மட்டும் கறுப்பு-வெள்ளைத் தொகுப்பில் தெரியாது. அது கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஆனால் ஹல்க் பெயரிலேயே உண்மையான ஒரு விதிவிலக்கு இருக்கிறது. விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1977-ல் மார்வெல் "தி ராம்பேஜிங் ஹல்க்" என்ற பெரிய அளவுப் பத்திரிகையைத் தொடங்கியது. வழக்கமான காமிக்ஸ் போல இல்லாமல் இது முதலிலிருந்தே கறுப்பு-வெள்ளையில் அச்சிடத் திட்டமிட்ட பத்திரிகை. அதனால் ஓவியர்கள் நிழலையும் ஆழத்தையும் சாம்பல் பூச்சாலேயே கொண்டுவந்தார்கள். அந்த இதழ்கள் கறுப்பு-வெள்ளைத் தொகுப்புக்கு இயல்பாகவே பொருந்தும். 1978-ல் 10ஆம் இதழோடு பத்திரிகையின் பெயர் "தி ஹல்க்!" என்று மாறி, உள்ளே வண்ணம் வந்தது. அது சாதாரணக் காமிக்ஸில் கோட்டுக்கு நடுவே நிரப்பும் தட்டையான வண்ணம் இல்லை. தூரிகையால் தீட்டிய, அடர்த்தி கூடிக் குறையும் வண்ணம். சாதாரண இதழில் வண்ணத்தைக் கழித்தால் சுத்தமான கோடு மிஞ்சும். இங்கே கழிக்க முடியாது, சாம்பலாக மாற்றத்தான் முடியும். சிவப்பும் பச்சையும் அடர்த்தி ஒன்றானால் ஒரே சாம்பலாகிவிடும். முகம் எது, சுவர் எது என்று கண் தேட வேண்டியிருக்கும். ஆகவே எசென்ஷியல் ராம்பேஜிங் ஹல்க் வாங்க நினைத்தால் முதல் ஒன்பது இதழ்களுக்காக வாங்குங்கள். அதற்குப் பின் வரும் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்த வண்ணக் காலத்துக் கதைகளைப் படிக்க வேண்டுமென்றால் வண்ணப் பதிப்புக்குக் காத்திருப்பதே நல்லது. உங்கள் ஸ்பைடர்மேனுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

சரி, விலைக்கு வருகிறேன். எசென்ஷியல் என்பதே மறுபதிப்பு. 1990களின் நடுவில் தொடங்கியது. ஒரு தொகுதியில் ஐந்நூறு பக்கங்களுக்கு மேல், மலிவான தாள், 15 டாலரை ஒட்டிய விலை. பின்னால் 20 டாலர் வரை ஏறியது. கையில் பணம் குறைவாக உள்ளவர் இதழ் இதழாகத் தேடி அலையாமல் உட்கார்ந்து படிக்கட்டும் என்பதற்காக வந்த புத்தகம் அது. அதற்கு "முதல் பதிப்பு" என்ற பெருமையைச் சூட்டுவது ஏமாற்று. 1963-ல் வந்த முதல் இதழுக்குச் சேகரிப்பாளர் மதிப்பு உண்டு. அந்த இதழை முப்பது வருடத்துக்கு மேல் கழித்துச் சாதாரணத் தாளில் அச்சடித்த புத்தகத்துக்கு என்ன முதல் பதிப்பு மதிப்பு? அந்தத் தாள் பழுப்பேறும், தடிமனான முதுகு பிளக்கும். பத்து வருடம் பெட்டியில் வைத்திருந்தால் விலை ஏறும் என்று யாராவது சொன்னால் அவரிடம் எதையுமே வாங்காதீர்கள். ஸ்பைடர்மேன் முதல் தொகுதி பல முறை மறுபடி அச்சிடப்பட்டது, வெவ்வேறு அட்டைகளோடும் வந்தது. பழைய பிரதிகள் நிறைய சுற்றுகின்றன. பொறுமையாகத் தேடினால் அட்டை விலைக்கோ அதற்குக் குறைவாகவோ கிடைக்கும்.

இன்னொரு பொறி பெயர். எக்ஸ்-மென் தொகுப்புகளைப் பாருங்கள். "எசென்ஷியல் எக்ஸ்-மென்" முதல் தொகுதி 1975-ன் ஜயன்ட்-சைஸ் எக்ஸ்-மென் இதழில்தான் தொடங்குகிறது. 1963-ல் எழுத்தாளர் ஸ்டான் லீயும் கிர்பியும் தொடங்கிய முதல் இதழ் வேண்டுமானால் "எசென்ஷியல் அன்கேனி எக்ஸ்-மென்" என்ற தொகுதியை எடுக்க வேண்டும். அதே தொகுதியைப் பிற்பாடு "எசென்ஷியல் கிளாசிக் எக்ஸ்-மென்" என்று வேறு பெயரில் வெளியிட்டார்கள். இந்தக் குழப்பத்தை வைத்தே ஒரே தொகுதியை இரண்டு அட்டையில் இரண்டு முறை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பைடர்மேனிலும் இது உண்டு: 1976-ல் தொடங்கிய "பீட்டர் பார்க்கர், தி ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்மேன்" தனித் தொடர், அதற்கும் எசென்ஷியல் தொகுதிகள் உண்டு. அவசரத்தில் "தொகுதி 1" என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

விற்பவர் என்ன சொன்னாலும், உள்ளே எந்தெந்த இதழ்கள் இருக்கின்றன என்று எழுதியிருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் தேடும் தொகுதியில் ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றிய 1962-ன் அமேசிங் ஃபேன்டஸி 15, அமேசிங் ஸ்பைடர்மேன் 1 முதல் 20 வரை, முதல் ஆண்டு மலர் ஆகியவை இருக்கும். அடுத்த தொகுதி 21-ல் தொடங்கி 43 வரை போகிறது. அதற்குள்ளேயே 38ஆம் இதழோடு டிட்கோ விலக, 39-லிருந்து ஓவியராக ஜான் ரோமிட்டா வருகிறார். படம் எடுத்து அனுப்பத் தயங்குகிறவரிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள். ஸ்கேன் செய்து யாரோ அச்சடித்த கள்ளப் பிரதிகளும் புழங்குகின்றன. கோடுகள் மங்கலாக, எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். பதிப்பகத்தின் உரிமை விவரப் பக்கமும் பல சமயம் இருக்காது. அதனால் இன்னும் இரண்டு படம் கேளுங்கள்: உரிமை விவரப் பக்கம் ஒன்று, உள்ளே கதைப் பக்கம் ஒன்று.

எண் வரிசை தொடர்ந்து வருகிறதா என்றும் பாருங்கள். பவர் மேன் அண்ட் அயர்ன் ஃபிஸ்ட் என்ற தொடரின் முதல் எசென்ஷியலில் 72-க்கு அடுத்து 74 வருகிறது. 73-ல் ரோம் என்ற பாத்திரம் இருந்தது. அது ஒரு பொம்மை நிறுவனத்தின் சொத்து, உரிமை இல்லாததால் அந்த இதழையே விட்டுவிட்டார்கள். "முழுமையான தொகுப்பு" என்று விற்பவருக்கு இது தெரிந்திருக்காது, தெரிந்தாலும் சொல்ல மாட்டார்.

இந்த இடத்தில் பதிப்பகங்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. 2005-ல் டிசியும் "ஷோகேஸ் பிரசன்ட்ஸ்" என்ற பெயரில் இதே வகைத் தொகுப்புகளைத் தொடங்கி, நல்ல நல்ல மறந்துபோன தொடர்களையெல்லாம் கொண்டுவந்தது. இரண்டு வரிசையும் நின்றுவிட்டன. எசென்ஷியல் 2013-ல் முடிந்தது, அதே ஆண்டு எபிக் கலெக்ஷன் என்ற வண்ண வரிசை அதன் இடத்துக்கு வந்தது. அதன் விலை இருமடங்குக்கு மேல். அதிலும் தொகுதிகள் வரிசையாக வருவதில்லை, ஏழாவது முதலில் வரும், மூன்றாவது பல வருடம் கழித்து வரும். நிறுத்தியதைக்கூடப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அச்சில் இருந்த காலத்திலேயே முதல் தொகுதியை மட்டும் திரும்பத் திரும்ப அச்சடித்து, நான்காவது, ஐந்தாவதைத் தீர்ந்தபின் கைவிட்டார்கள். ஒரு வாசகரைத் தொடங்கச் சொல்லிவிட்டு நடுவில் இறக்கிவிடுவது நியாயம் இல்லை. இடைத்தரகர்கள் பிழைப்பு நடப்பது அந்த இடைவெளியில்தான். நடுத் தொகுதியை வைத்திருப்பவர் வைத்ததே விலை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். முதல் தொகுதியை வாங்கும்முன் இரண்டாவதும் மூன்றாவதும் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். கிடைத்தால் மூன்றையும் பேசி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மாற்று வழி இருக்கிறது. 2021-லிருந்து மார்வெல் "மைட்டி மார்வெல் மாஸ்டர்வொர்க்ஸ்" என்று சிறிய அளவில் வண்ணத் தொகுதிகள் வெளியிடுகிறது, தொடங்கியபோது அட்டை விலை 15.99 டாலர். ஸ்பைடர்மேன் முதல் தொகுதியில் அமேசிங் ஃபேன்டஸி 15-ம் முதல் பத்து இதழ்களும் உள்ளன. எழுத்து சிறிதாக இருக்கும், கண்ணாடி போடுகிறவர்கள் வாங்கும்முன் ஒரு பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். ஒரு எசென்ஷியலில் இருப்பதைப் படிக்க இதில் இரண்டுக்கு மேல் வாங்க வேண்டிவரும். அந்தக் கூட்டுத் தொகையை உங்கள் விற்பனையாளர் கேட்கும் மூன்று மடங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எசென்ஷியல்தான் வேண்டும் என்றால் அட்டை விலையைச் சொல்லி, அதற்கு மேல் ஒரு டாலர்கூட ஏறாதீர்கள். அவர் மறுத்தால் அடுத்த பிரதியைத் தேடுங்கள்.