ஒட்டாத பூவும் மிதக்கும் ரிப்பனும்: வாசகர் கேள்வி பதில்

நிஜக் காகிதம், ரிப்பன், பொத்தான் எதையும் தொடாமல் அவற்றின் படங்களைக் கணினியில் அடுக்கி ஆல்பம் பக்கம் செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். நான் வேலை செய்வது போட்டோஷாப்பில். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் வழி வேறாக இருந்தால் அந்த இடத்தில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, பூ, ரிப்பன், காகிதம் எல்லாவற்றுக்கும் டிராப் ஷேடோ (பொருளுக்குப் பின்னால் நிழல் போடும் வசதி) போட்டுவிட்டேன். ஆனாலும் ஒட்டினது போலவே இல்லை, எல்லாம் காற்றில் மிதக்கிறது. எங்கே தப்பு?

எல்லாவற்றுக்கும் ஒரே ஷேடோ போட்டீர்கள் பாருங்கள், அங்கேதான். முதலில் கணினியை விட்டு எழுந்து ஒரு சட்டைப் பொத்தான், ஒரு துண்டுக் காகிதம், கொஞ்சம் ரிப்பன் எடுத்து வந்து மேசை விளக்குக்குக் கீழே வையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நான் இன்றைக்கும் இதைத்தான் செய்கிறேன். காகிதத்தின் நிழல் ஓரத்தில் ஒரு மயிரிழை அளவுக்குத்தான் இருக்கும். பொத்தானுக்கு அதைவிட அகலம், ஆனால் அடியோடு ஒட்டியிருக்கிற இடத்தில் நல்ல கருப்பு, வெளியே போகப் போகத் தேய்ந்துவிடும். ரிப்பனைப் பாருங்கள், ஒரே ரிப்பனிலேயே மேசையைத் தொடும் இடத்தில் நிழல் ஒட்டிக்கொண்டிருக்கும், வளைந்து எழும்பிய இடத்தில் விலகி, மங்கி, அகலமாகிப் போயிருக்கும். டிராப் ஷேடோ என்கிற பொத்தானை அழுத்தினால் மென்பொருள் ரிப்பன் முழுவதையும் ஒரே உயரத்தில் தூக்கிப் பிடித்து நிழல் போடுகிறது. மிதக்காமல் என்ன செய்யும்?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி உள்ள பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 12 பிக்சல். வெளிச்சம் 45 டிகிரி சாய்வில் விழுந்தால் பொருள் எவ்வளவு உயரமோ நிழலும் அவ்வளவு நீளம். 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பொத்தானுக்கு 24 பிக்சல். கால் மில்லிமீட்டர்கூட இல்லாத காகிதத்துக்கு மூன்று பிக்சல் வந்தால் பெரிது. ஓரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்பதாக வைத்துக்கொண்டால் ஐந்தாறு. ஒரு சென்டிமீட்டர் எழும்பி நிற்கும் ரிப்பன் முடிச்சுக்கு 100 பிக்சலுக்கு மேல், அதுவும் நன்றாகக் கலைந்து. அப்படியே அளந்து போடச் சொல்லவில்லை, காகிதத்துக்கும் முடிச்சுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது மனதில் பதிந்தால் போதும்.

செய்முறைக்கு வருவோம். ஷேடோ போட்டதும் லேயர் ஸ்டைல் மெனுவில் கிரியேட் லேயர் கொடுத்தால் நிழல் தனி லேயராக, அதாவது தனி அடுக்காகப் பிரிந்துவிடும். கிம்ப்பில் லெகசி என்று பெயர் போட்டிருக்கும் டிராப் ஷேடோவை எடுத்தால் முதலிலேயே தனி லேயராகத்தான் வரும். அதைப் படத்தை வளைக்கும் வார்ப் கருவியால் இழுத்து, ரிப்பன் எழும்பும் இடத்தில் வெளியே தள்ளி, தொடும் இடத்தில் உள்ளே செருகுங்கள். அப்புறம் தள்ளிய பகுதிக்கு மட்டும் பிளர் கொடுத்து மங்கலாக்கி, மென்மையான அழிப்பானால் ஒரு தடவை லேசாகத் தடவிவிடுங்கள். நான் இதோடு இன்னொரு நிழலும் வைப்பேன். இரண்டு மூன்று பிக்சல் அகலம், நல்ல அடர்த்தி, பொருளின் அடியை விட்டு நகராதது. அந்தக் குட்டி நிழல்தான் பொருளைக் காகிதத்தில் உட்கார வைக்கும்.

நிறத்தையும் கவனியுங்கள். சுத்தக் கருப்பு நிழல் போட்டால் பக்கமே அழுக்கானது போல இருக்கும். அடியில் இருக்கும் காகிதத்தின் நிறத்தை எடுத்து அதையே ரொம்ப அடர்த்தியாக்கி, அடியில் இருப்பதை இருட்டாக்கும் மல்டிப்ளை முறையில் வையுங்கள். மஞ்சள் காகிதத்தில் நிழல் பழுப்பாகத்தான் தெரியும்.

இன்னொன்று, முழுப் பக்கத்தையும் 25 சதவீதத்தில் சுருக்கி வைத்துப் பார்த்துக்கொண்டே ஷேடோ போடாதீர்கள். அந்த அளவில் 6 பிக்சல் நிழல் ஒன்றரைப் பிக்சலாகத்தான் தெரியும், போதவில்லை என்று நினைத்துக் கூட்டிக்கொண்டே போவீர்கள், அச்சில் வரும்போது ஒவ்வொரு பொருளும் பள்ளத்தின் மேல் நிற்கும்.

கேள்வி: வெளிச்சத்தின் திசையைப் பக்கம் முழுக்க ஒரே மாதிரி வைக்க வேண்டும் என்கிறார்கள். போட்டோவுக்குள் வெயில் வலப்பக்கமிருந்து வந்தால் என்ன செய்வது?

போட்டோவைப் போட்டோவாகவே, சதுரமாகவோ செவ்வகமாகவோ ஒட்டுகிறீர்கள் என்றால் கவலையே வேண்டாம். அது அச்சடித்த காகிதம், உள்ளே இருக்கும் வெயில் வேறு உலகம். ஆனால் ஆளை மட்டும் வெட்டி எடுத்துப் பூக்களுக்கு நடுவில் நிறுத்தினால் அவர் முகத்தின் வெளிச்சம் எந்தப் பக்கமோ, ஆல்பம் பக்கத்தின் நிழல்களையும் அதற்கேற்ப வைக்க வேண்டியதுதான். போட்டோஷாப்பில் எல்லா நிழலுக்கும் ஒரே வெளிச்சத் திசை கொடுக்கும் குளோபல் லைட் என்று ஒரு குறி இருக்கும், அதை 120 டிகிரியில் வைத்தால் வெளிச்சம் இடது மேல்புறமிருந்து வருவதாக அர்த்தம், ஷேடோ எல்லாம் வலது கீழே விழும்.

கேள்வி: தையல் போட்டுப் பார்த்தேன். புள்ளிக்கோடு போல இருக்கிறதே தவிர நூல் போல இல்லை.

ஏனென்றால் நீங்கள் கோடு வரைந்திருக்கிறீர்கள். தையல் என்பது நூல் ஒரு ஓட்டையிலிருந்து வெளியே வந்து அடுத்த ஓட்டைக்குள் போவது. அந்த இரண்டு ஓட்டைகள் இல்லாமல் எவ்வளவு அழகாக நூல் வரைந்தாலும் ஒட்டாது.

ஒரே ஒரு தையலைப் பெரிதாக்கி வைத்து உட்காருங்கள். மெஷின் தையல் ஒன்று இரண்டரை மில்லிமீட்டர் என்று வைத்தால் 30 பிக்சல் நீளம், நாலைந்து பிக்சல் தடிமன். இரண்டு முனையிலும் நூலைவிடச் சற்றே பெரிய இருண்ட புள்ளி. புள்ளியின் ஒரு ஓரத்தில், வெளிச்சம் படுகிற பக்கத்தில், ஒரு பிக்சல் வெளுப்பு. ஊசி குத்தினால் காகிதம் லேசாக உதடு பிதுக்கிக்கொள்ளும் இல்லையா, அதுதான் இது. நூலின் மேல் சாய்வாக மூன்று நான்கு மெல்லிய கோடுகள் போட்டால் முறுக்கு வந்துவிடும். முனைகளைக் கொஞ்சம் இருட்டாக்குங்கள், நூல் அங்கே உள்ளே இறங்குகிறது. நிழல் நடுவில் மட்டும், முனையில் பூஜ்ஜியம்.

இப்படி நாலு தையல் செய்துகொள்ளுங்கள், ஒன்று துளி நீளம், ஒன்று கொஞ்சம் சாய்ந்தது என்று. பிறகு அவற்றை பிரஷ் ஆக்கி, தையல்களுக்கு நடுவிலான இடைவெளியை, அதாவது ஸ்பேஸிங்கைக் கூட்டி, பிரஷ் அமைப்பில் இருக்கும் ஷேப் டைனமிக்ஸில் ஆங்கிளுக்கு டைரக்ஷன் என்று கொடுத்தால் கோட்டின் போக்கிலேயே திரும்பிக்கொண்டு போகும். ஆனால் பிரஷ் ஒரே நிறத்தைத்தான் பூசும், முறுக்கின் மேல் இருக்கும் மினுக்கம் கிடைக்காது. முகத்துக்குப் பக்கத்தில் வருகிற தையல் என்றால் நான் கையால் ஒவ்வொன்றாகக் காப்பி செய்து வைப்பேன், பொறுமை வேண்டும். மூலையில் நூலை ஒரு சென்டிமீட்டர் தொங்க விடுங்கள், கொஞ்சம் பிரிந்த மாதிரி. நிஜத்தில் யாரும் அவ்வளவு கச்சிதமாக முடிப்பதில்லை.

கேள்வி: கிழிந்த காகித ஓரம் எப்படிச் செய்வது? வெள்ளைக் கோடு போட்டால் பார்டர் போலத் தெரிகிறது.

அச்சடித்த காகிதம் ஒன்றைக் கிழித்துப் பார்த்திருப்பீர்கள். நிறம் மேலே மட்டும் இருக்கிறது, கிழியும்போது மேல் தோல் ஓரிடத்திலும் அடிப்பகுதி வேறோரிடத்திலும் பிய்கிறது, நடுவில் வெள்ளை நார் வெளியே வருகிறது. அதனால்தான் அந்த வெள்ளை ஒரே அகலத்தில் இருக்காது. ஓரிடத்தில் 25 பிக்சல், பக்கத்தில் 4, சில இடங்களில் சுத்தமாக இல்லவே இல்லை. இரண்டு துண்டில் ஒன்றில்தான் வெள்ளை அதிகம் தெரியும், எந்தப் பக்கம் இழுத்தோம் என்பதைப் பொறுத்து. காகிதத்தின் நார் ஓடும் திசையில் கிழித்தால் ஓரளவு நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகும். ஆகவே நாலு பக்கமும் ஒரே மாதிரி கிழிந்த காகிதம் பார்த்த உடனேயே பொய் என்று தெரிந்துவிடும்.

காகிதத்துக்கு மாஸ்க் (படத்தை அழிக்காமல் ஒரு பகுதியை மறைப்பது) போட்டு, கையால் வரைந்து தேர்ந்தெடுக்கும் லாசோவால் கைநடுக்கத்தோடு ஒரு ஓரம் வெட்டுங்கள். அதே வடிவத்தைக் கீழே இன்னொரு லேயரில் கொஞ்சம் பெரிதாக்கி, தூய வெள்ளையில்லாமல் லேசான மஞ்சள் கலந்த வெள்ளையில் நிரப்புங்கள். இப்போது அந்த வெள்ளையின் வெளி ஓரத்தை அதன் சொந்தக் கோணலில் வேறொரு தடவை வெட்ட வேண்டும், இதுதான் முக்கியம், இரண்டு கோடும் ஒன்றையொன்று பின்பற்றினால் அது பார்டர். கொஞ்சம் நாய்ஸ் (மணல் தூவியது போன்ற புள்ளிகள்), கரடுமுரடான பிரஷ்ஷால் ஆங்காங்கே கடி, முடிந்தது. வண்ணமே உள்ளே ஊறிய காகிதம் என்றால் வெள்ளை வராது, அதே நிறத்தில் சற்று வெளுத்த நார்தான் வரும்.

கேள்வி: பெவல் (ஓரத்தைப் புடைத்தது போலக் காட்டும் வசதி) போட்டால் எல்லாம் பிளாஸ்டிக் ஆகிவிடுகிறது.

ஆகத்தான் செய்யும். ஹைலைட்டை வெள்ளையிலிருந்து மாற்றிப் பொருளின் நிறத்தையே கொஞ்சம் வெளுப்பாக்கி வையுங்கள், அளவைப் பாதியாக்குங்கள், மேலே ஒரு டெக்ஸ்சர் போடுங்கள். பிளாஸ்டிக் பொத்தான் செய்கிறீர்கள் என்றால் அப்படியே விட்டுவிடலாம்!

கேள்வி: பொத்தான் செய்தேன், நன்றாகவே வந்தது. ஓட்டைகள் மட்டும் வரைந்தது போல இருக்கின்றன.

ஓட்டைக்கு நிறம் பூசியிருப்பீர்கள். ஓட்டை என்றால் ஓட்டைதான், அழித்துவிடுங்கள், அடியில் இருக்கும் காகிதம் தெரியட்டும். வெளிச்சம் இடது மேலிருந்து வந்தால் பொத்தானுக்கு வெளியே நிழல் வலது கீழே. ஓட்டைக்குள் மட்டும் நிழல் இடது மேல் ஓரத்தில் இருக்கும், ஏனென்றால் வெளிச்சத்தை மறைப்பது அந்தப் பக்கத்துச் சுவர். நூலையும் மறக்காதீர்கள், நூல் இல்லாத பொத்தான் எதில் நிற்கிறது?

இந்த மாதிரி விஷயத்தில் யாருக்கும் அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்றும் தெரியவில்லை. பேப்பர் கிளிப் ஒன்றை போட்டோவின் மேல் முழுசாக வைத்து ஒரு பக்கம் செய்திருந்தேன், கிளிப் எதையுமே கவ்வாமல் சும்மா படுத்திருந்தது. ஷேடோ மட்டும் அருமை. இரண்டு வருஷம் கழித்து ஒரு தோழி, "இது ஏன் படுத்துத் தூங்குகிறது?" என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. வெளி வளையம் மேலே, உள் வளையம் போட்டோவுக்குப் பின்னால் போக வேண்டும். பின்னால் போகும் பகுதியை மாஸ்க்கில் மறைத்தால் வேலை முடிந்தது.

கேள்வி: வரைவதா, நிஜப் பொருளை ஸ்கேன் செய்வதா, எது நல்லது?

தட்டையானது எல்லாம் ஸ்கேனர், புடைத்தது எல்லாம் கேமரா. மெல்லிய ஸ்கேனர்கள் கண்ணாடியைத் தொடுகிற பகுதியை மட்டும்தான் தெளிவாக எடுக்கும், பூவை வைத்தால் பாதி மங்கிவிடும். பூவை ஜன்னல் ஓரத்தில், நேரடி வெயில் படாத இடத்தில், மேலிருந்து நேராக எடுங்கள். லேஸ், ரிப்பன், பழைய முத்திரை, காகித டேக் எல்லாம் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் பக்கத்தில் இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் உடையாது. லேஸுக்கு அடியில் அதன் நிறத்துக்கு நேர் எதிரான காகிதம் வையுங்கள், வெட்டி எடுப்பது சுலபம். வெட்டிய பின் ஓரத்தில் பின்னணி நிறம் ஒரு பிக்சல் ஒட்டிக்கொண்டிருக்கும், டிஃப்ரிஞ்ச் கொடுத்தால் போய்விடும்.

எடுத்த படத்தை ஃபிளிப் செய்யும்போது மட்டும் ஜாக்கிரதை. பொருளின் மேல் இருக்கும் பளபளப்பும் சேர்ந்து திரும்பிவிடும், பூவில் வெயில் வலதுபக்கம், பக்கத்தின் நிழலும் வலதுபக்கம் என்று ஆகும்.

கேள்வி: செலோ டேப்?

டேப்புக்கு நிழல் கிட்டத்தட்ட இல்லை. வெள்ளையில் 15, 20 சதவீத ஒபாசிட்டியில், அதாவது அடியில் இருப்பது நன்றாகத் தெரியும்படி ஒரு பட்டை, அதன் மேல் கோணலாக இரண்டு வெளிச்சக் கீற்று, இரண்டு முனையிலும் ரம்பப் பல். அடியில் காற்று மாட்டிக்கொண்ட மாதிரி ஓரிரு வெளுத்த திட்டுகள் போட்டால் போதும்.

கேள்வி: செய்த பூவைச் சேமித்து வேறு பக்கத்தில் வைத்தால் சுற்றி வெள்ளைக் கட்டம் வருகிறது. பக்கமும் ரொம்ப மெதுவாக நகர்கிறது.

ஜேபெக்கில் சேமித்திருப்பீர்கள், அதில் ஒளிபுகும் பகுதி என்ற ஒன்றே கிடையாது. பிஎன்ஜி என்று சேமியுங்கள். மெதுவாக நகர்வதற்குக் காரணம் அளவு. 12 அங்குலப் பக்கம் 300 டிபிஐயில் 3600க்கு 3600 பிக்சல், முழுசாக நிரம்பிய ஒரு லேயருக்கே சுமார் 52 எம்பி நினைவகம் பிடிக்கும். பூவைச் சேமிக்கும் முன் சுற்றியிருக்கும் வெற்றிடத்தை ட்ரிம் செய்துவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் இறக்கிய எலிமென்ட்டை (பூ, ரிப்பன் போன்ற தயார் படம்) திருப்பினால் நிழலும் கூடவே திரும்புகிறது. என்ன செய்ய?

நிழலைப் படத்தோடு சேர்த்தே சேமித்திருக்கிறார்கள். நிழல் பாதி ஒளிபுகும், பொருள் ஒளிபுகாது. அந்த வித்தியாசத்தை வைத்து லெவல்ஸ் கொண்டு ஆல்ஃபாவை, அதாவது ஒளிபுகும் அளவைச் சொல்லும் தகவலை இறுக்கினால் நிழல் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். லேஸ், வலைத்துணி என்றால் மென்மையான ஓரமும் சேர்ந்து போய்விடும், அதற்கு அழிப்பான்தான். அவ்வளவு பாடுபடுவதற்கு, திருப்பாமல் அப்படியே வைத்துவிட்டு மற்றப் பொருள்களின் நிழலை அதன் பக்கம் திருப்பிவிடுவது எளிது. நான் பல தடவை அப்படித்தான் செய்திருக்கிறேன், சோம்பேறித்தனம்தான்.