மணல் மூட்டைக்கு முன்னால் டயரைப் பாருங்கள்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: வயதான பின்சக்கர இயக்கக் காரை வைத்துக்கொண்டு பனிக்காலத்தை எப்படித் தள்ளுவது. நீளமான கடிதங்களை வெட்டியிருக்கிறேன்.

கேள்வி: முப்பது வயதுக் கார். பனி விழுந்தால் லேசான மேட்டில்கூடப் பின்சக்கரம் சும்மா சுற்றுகிறது. டிக்கியில் நூறு கிலோ மணல் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: என்ன டயர் மாட்டியிருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. கோடை டயர் என்றால் மணலை மறந்துவிடுங்கள். குளிரில் இறுகிப்போன ரப்பர் மேல் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் வழுக்கத்தான் செய்யும். நான்கும் குளிர்கால டயர் என்றால் மேலே படியுங்கள்.

எஞ்சின் முன்னால், உந்துவது பின்னால். ஓட்டுபவர் மட்டும் உட்கார்ந்து போகும்போது பின்னச்சு மேல் பாரம் போதாது. ஐம்பது, அறுபது கிலோ சேர்த்தால் மேடு ஏற உதவும். நூறு தேவையில்லை. எத்தனை கிலோ என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பதுதான் விஷயம். பின்னச்சுக்கு நேர் மேலே, அதாவது பின்சீட்டின் முதுகை ஒட்டி வையுங்கள். பம்பர் ஓரமாகத் தள்ளினால் கார் துலாக்கட்டை ஆகிவிடும். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2.7 மீட்டர் என்று கொள்ளுங்கள். 60 கிலோவைப் பின்னச்சுக்கு 90 செ.மீ. பின்னால் வைத்தால், பின்சக்கரங்களுக்கு 80 கிலோ கூடும், முன்சக்கரங்களில் 20 கிலோ குறையும். வண்டியைத் திருப்புவது முன்சக்கரம், பிரேக் வேலையில் பெரும்பங்கும் அதற்குத்தான். அங்கே பாரத்தைக் குறைத்துவிட்டு மேடு ஏறி என்ன பயன்? போதாததற்கு, வளைவில் வால் ஒரு முறை வெளியே போனால் பின்கோடியில் கிடக்கும் பாரம் அதை இன்னும் வெளியே இழுக்கும்.

இருபது கிலோ மூட்டையாக மூன்று. நன்றாகக் காய்ந்த மணலாக இருக்கட்டும். ஈர மணல் உறைந்து கல்லாகிவிடும், சிக்கிக்கொண்ட சக்கரத்துக்கு முன்னால் அள்ளித் தூவ முடியாது. மூட்டைகளைக் கட்டி வையுங்கள். மோதலில் அவை சீட்டைத் தள்ளிக்கொண்டு முன்னால் வரும்.

கேள்வி: உந்துவது பின்சக்கரம்தானே, பின்னால் இரண்டு குளிர்கால டயர் மட்டும் போதும் என்கிறார் டயர் கடைக்காரர். மிச்சமாகும் பணத்தை ஏன் விட வேண்டும்?

பதில்: கிளம்புவதற்கு இரண்டு போதும். நிற்பதற்கும் திரும்புவதற்கும் நான்கு வேண்டும். பின்னால் மட்டும் பிடிப்பு இருந்தால் ஸ்டீயரிங்கைத் திருப்புவீர்கள், கார் நேராகப் போகும். நான்கு வாங்கினால் செலவு இரட்டிப்பு என்று நினைக்காதீர்கள். குளிர்கால டயர் ஓடும் மாதங்களில் கோடை டயர் தேயாமல் ஓய்வெடுக்கிறது. தனி ரிம்மோடு நான்கையும் வாங்கி வைத்தால் ஒவ்வொரு முறையும் டயரைக் கழற்றி மாட்டும் கூலியும் மிச்சம்.

கேள்வி: "எல்லாப் பருவத்துக்கும்" என்று விளம்பரம் செய்த டயர் வாங்கினேன். பக்கவாட்டில் எம்+எஸ் என்றும் இருக்கிறது. முதல் பனியிலேயே சறுக்கிச் சாக்கடையில் இறங்கினேன். நான் ஏமாற்றப்பட்டேனா?

பதில்: ஆமாம். அதுவும் சட்டத்துக்கு உட்பட்டே ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், அதுதான் எரிச்சல். இந்த எம்+எஸ் பற்றி எழுத வாய்ப்புக் கிடைத்தால் நான் விடுவதில்லை.

எம்+எஸ் என்றால் சேறும் பனியும். இந்த எழுத்தைப் பொறிக்க எந்தப் பனிச் சோதனையும் கட்டாயமில்லை. டயரின் வரிப்பள்ளங்கள் அகலமாகவும் இடைவெளியோடும் இருந்தால் தயாரிப்பாளரே பொறித்துக்கொள்ளலாம். ரப்பர் கலவை பற்றி அந்த எழுத்து ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் குளிரில் பிடிப்பைத் தீர்மானிப்பதில் கலவைக்குத்தான் பெரிய பங்கு. ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகப்போகக் கோடை டயரின் ரப்பர் இறுகுகிறது, சாலையோடு ஒட்ட மறுக்கிறது. குளிர்கால டயர் அப்போதும் நெகிழ்வாக இருக்கும்படி செய்யப்பட்டது. சாலையைத் தொடும் அதன் ரப்பர்க் கட்டைகளில் கத்தியால் கீறியது போல நூற்றுக்கணக்கான நுண்கீறல்கள் இருக்கும். ஒவ்வொரு கீறலின் விளிம்பும் பனியைக் கவ்வும்.

நீங்கள் தேட வேண்டிய அடையாளம் வேறு: மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். மாதிரி டயர் ஒன்றோடு ஒப்பிட்டுப் பனியில் சோதித்துத் தேறினால்தான் அது கிடைக்கும். எல்லாப் பருவ டயர்களிலும் சிலவற்றுக்கு இந்தச் சின்னம் உண்டு. அவை லேசான பனிக்குப் பரவாயில்லை. ஜெர்மனியில் 2024 அக்டோபர் 1 முதல் எம்+எஸ் மட்டும் உள்ள டயரைக் குளிர்கால டயராகக் கணக்கில் எடுப்பதில்லை. ஓர் அரசாங்கத்துக்கே தெளிவு வர இத்தனை காலம் ஆகியிருக்கிறது, நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். பள்ளம் ஆழமாகத் தெரிகிறதே என்று பத்து வருடக் குளிர்கால டயரைப் பாதி விலைக்கு வாங்காதீர்கள். கலவை இறுகியிருக்கும். அப்படி ஒரு ஜோடி என் கொட்டகையிலும் கிடக்கிறது. பள்ளம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால், பல நாடுகளின் 1.6 என்ற சட்ட வரம்பு எதைச் சொன்னாலும், பனிக்கு அந்த டயர் முடிந்தது.

சாலையில் விளம்பரம் ஓடாது, டயர்தான் ஓடும் என்று விற்றவருக்கு எழுத்தில் கொடுங்கள். விளம்பரத்தின் படத்தையும் ரசீதையும் சேர்த்து வையுங்கள். பனிக்கு ஏற்றது என்று அவர் எழுத்தில் சொல்லியிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும்.

கேள்வி: அகலமான டயர் என்றால் பிடிப்பும் அதிகம்தானே?

பதில்: காய்ந்த தாரில். பனியில் குறுகிய டயர்தான் அழுத்தி அறுத்துக்கொண்டு கீழே இறங்கும். கார்க் கையேடு அனுமதிக்கும் அளவுகளில் மிகக் குறுகியதை வாங்குங்கள்.

கேள்வி: பனியில் பிடிப்புக்காக டயரைச் சுற்றி மாட்டும் செயின் வாங்கி இரண்டு வருடம் டிக்கியிலேயே இருந்தது. போன மாதம் மலைப்பாதையில் எடுத்தால் சக்கரத்தில் ஏறவில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். என்ன சட்டம் இது?

பதில்: இரண்டு வருடமாகப் பெட்டியைப் பிரிக்காதது நீங்கள். கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 என்பது போல அளவு இருக்கும். அது செயின் பெட்டியிலும் இருக்க வேண்டும், எழுத்துக்கு எழுத்து. அளவு சரியாக இருந்தாலும் சக்கரத்தின் உள்பக்கம் ஷாக் அப்சார்பருக்கும் பிரேக் குழாய்க்கும் உரசாமல் இடமிருக்கிறதா என்று வீட்டு வாசலில் மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். பிரேக் குழாயை அறுத்த செயினுக்கு உத்தரவாதம் யாரும் தர மாட்டார்கள்.

அடுத்த ஜோடியை இப்படிப் பயன்படுத்துங்கள்: உந்தும் சக்கரங்களில், உங்கள் காரில் பின்சக்கரங்களில். மேடு தொடங்கும் முன்பே, சமதரையில். நூறு மீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், முதல் இறுக்கம் நிச்சயம் தளர்ந்திருக்கும். பெட்டியில் வேறு வேகம் போட்டிருந்தால் ஒழிய 50 கி.மீ.க்கு மேல் போகாதீர்கள். தார் தெரிந்த உடனே கழற்றுங்கள். செயினுக்குப் பதிலாக டயர் மேல் போடும் துணி உறைகள் மாட்ட எளிது, ஆனால் வெறும் தாரில் சீக்கிரம் கிழிந்துவிடும்.

கேள்வி: "அடிப்பாகம் புதிதாகப் பூச்சு போட்டது, பனி உருக உப்புத் தூவும் சாலைக்கு அஞ்ச வேண்டாம்" என்று விற்றார்கள். ஒரே குளிர்காலத்தில் பின்பக்கம் ஜாக் வைத்த இடம் உள்ளே போய்விட்டது. மெக்கானிக் குத்திப் பார்த்தால் பூச்சுக்கு அடியில் வெறும் துரு. சேமிப்பு முழுவதும் போனது.

பதில்: படிக்கவே வயிறு எரிகிறது. இதில் உங்கள் தவறு என்று ஒன்றுமில்லை. கறுப்பு ரப்பர்ப் பூச்சு இருந்தால் கீழே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அதற்காகத்தான் விற்கும் முன் அடிக்கிறார்கள். துரு மேல் அடித்த கெட்டிப் பூச்சு விரிசல் விடும். உப்புத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழியில்லை. பூச்சு இல்லாமலே விட்டிருந்தால் இத்தனை வேகமாக அழுகியிருக்காது.

ஒரு வெல்டிங் வேலையும் இப்போது செய்யாதீர்கள். பூச்சைச் சுரண்டிய இடங்களைத் தேதியோடு படம் எடுங்கள். விற்றவரோடு தொடர்பில்லாத மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். துரு எத்தனை காலப் பழசு என்பதை அவர் குறிப்பிட வேண்டும், ஒரு குளிர்காலத்தில் வந்ததல்ல என்பதுதான் உங்கள் வாதம். விளம்பர வாசகத்தையும் வைத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் புகார்.

மற்றவர்களுக்கு: பழைய காரில் ஜாக் வைக்கும் இடங்கள், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, பின் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம், பிரேக் குழாய்கள், இந்த நான்கையும் லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். காந்தம் ஒட்டாத இரும்புப் பலகை என்றால் உள்ளே ஓட்டையை அடைத்த பட்டிப் பசை. சரியான பாதுகாப்பு வேண்டுமானால் காயாமல் எண்ணெய்ப்பசையோடு இருக்கும் மெழுகு அல்லது லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) வகை. அதைச் சுத்தமான, காய்ந்த இரும்பு மேல் வருடா வருடம் அடிக்க வேண்டும்.

கேள்வி: விற்பவர் "லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருக்கிறது" என்று கூடுதல் விலை கேட்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: டிஃபரன்ஷியல் என்பது எஞ்சின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுத்து, வளைவில் அவை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி. லிமிடெட் ஸ்லிப் என்றால் ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றுவதை உள்ளிருக்கும் கிளட்ச் தட்டு போன்ற ஏற்பாடு கட்டுப்படுத்தும். சரிபார்க்க, முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறுசக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல், அல்லது கிளட்ச் தட்டு தேய்ந்துபோன லிமிடெட் ஸ்லிப். இரண்டுக்கும் கூடுதல் விலை கிடையாது. ஒரே திசையில் சுற்றினால் கிளட்ச் தட்டு வகை உயிரோடு இருக்கிறது. அப்போதும் எந்த எண்ணெய் ஊற்றினார் என்று கேளுங்கள். அதற்கென்று உராய்வுச் சேர்மானம் கலந்த எண்ணெய் வேண்டும்.

பனியில் அது வரம் மட்டுமல்ல. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கினால் வண்டி நின்றுவிடும், ஆனால் சுற்றாத மறுசக்கரம் வாலைப் பிடித்து வைத்திருக்கும். லிமிடெட் ஸ்லிப்பில் இரண்டும் சேர்ந்து வழுக்கும், வால் சாலையின் சரிவுப் பக்கம் நழுவும்.

கேள்வி: பழைய காரில் மாட்டும் சறுக்கல் தடுப்புக் கருவி ஒன்று இணையத்தில் மலிவாக விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த வேலைக்கு ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியே பிடிக்க வேண்டும். சிகரெட் லைட்டரில் செருகும் பெட்டியால் அது ஆகாது. டயரில் தெளிக்கும் "பிடிப்பு ஸ்ப்ரே"யும் இதே ஜாதி. ஒரு டப்பா வாங்கினேன், கதவுக் கீலுக்கு எண்ணெயாகக்கூட உதவவில்லை.

காசில்லாத வழி: காலியான பரந்த இடத்தில் 20 கி.மீ. வேகத்தில் பழகுங்கள். இரண்டாம் கியரில் கிளம்புங்கள். கீழ் கியருக்கு மாற்றிக் கிளட்சைப் படாரென்று விட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கார் சுழலும். வால் போனால் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை மெதுவாக விட்டு, கிளட்சை மிதித்து, போக வேண்டிய பக்கம் பார்த்துத் திருப்புங்கள். கார் நேரானதும் ஸ்டீயரிங்கைத் திருப்பி எடுக்கத் தாமதித்தால் மறுபக்கம் இன்னும் வேகமாகப் போகும்.

கேள்வி: கடும் குளிருக்குத் தண்ணீரே கலக்காமல் முழுக் கூலன்ட் ஊற்றினேன். நல்லதுதானே?

பதில்: கெடுதல். கூலன்ட்டில் இருப்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்ற திரவம். தண்ணீர் கலக்காவிட்டால் அது சுமார் −13 டிகிரியிலேயே உறையும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் சுமார் −37 வரை தாங்கும். நாளைக்கே பாதியை வடித்து, காய்ச்சி வடித்த தண்ணீர் சேருங்கள்.

கேள்வி: இத்தனை தொல்லைக்கு இதை விற்றுவிட்டு முன்சக்கர இயக்கக் கார் வாங்கிவிடலாமா?

பதில்: அடிப்பாகம் அழுகியிருந்தால் விற்றுவிடுங்கள், அழுகலைச் சொல்லி விற்றுவிடுங்கள். இரும்பு நன்றாக இருந்தால் நான்கு டயரும் புது பேட்டரியும் மாட்டி ஒரு குளிர்காலம் ஓட்டிப் பாருங்கள். கோடை டயர் மாட்டிய முன்சக்கர வண்டியும் சாக்கடையில்தான் இறங்கும். ஒன்று மட்டும்: பனியில் புதைந்து நின்றால், எஞ்சினை ஓடவிடும் முன் புகைக்குழாயின் வாயில் இருக்கும் பனியைத் தோண்டி எடுங்கள். அடைபட்டால் விஷவாயு உள்ளே வரும்.